நடுவில் இருப்பது

என் தங்கை ஒன்பது வருஷம் கழித்து எனக்கு எழுதிய கடிதத்தில் நாலே வரிதான் இருந்தது. "அண்ணாவுக்கு. இத்துடன் உள்ள நெகட்டிவ் இரவல் வாங்கியது. எட்டுக்குப் பத்தில் மூன்று பிரிண்ட் வேண்டும், நடுவில் இருப்பது தெளிவாக வரவேண்டும். சனிக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ராஜமேரி." நலம், நலமறிய ஆவல்கூட இல்லை. தபால்காரர் அதை ஸ்டுடியோவில் கொண்டுவந்து கொடுத்தபோது நான் ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம். கடிதத்தைப் படித்த பிறகு அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு இரண்டு தழும்பு மிச்சமாகவே போய்விட்டது.

முதலாளி குப்புராஜ் என் தோளுக்கு மேலாகவே கடிதத்தைப் படித்துவிட்டார். தனக்கு வருகிற கடிதத்தை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வார், அடுத்தவருக்கு வருவதைத் தானே படித்துக்கொள்வார்.

"பெங்களூர்ல இல்லாத ஸ்டுடியோவா சவரி? தெருவுக்கு ரெண்டு இருக்குதே."

"இருக்குதுங்க."

"அப்பறம் என்னாத்துக்கு தர்மபுரிக்கு அனுப்பிச்சிருக்குது?"

"பிரிண்ட் நல்லா வரும்னு இருக்கும்ங்க."

அவர் நம்பவில்லை. சொன்ன நானும் நம்பவில்லை. அந்த வருஷம் தவக்காலத்தில் அப்பா இறந்துபோனார். நாலு மாதம் கழித்து, அம்மா சொல்லிச் சொல்லி, பெங்களூரில் அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு கார்டு போட்டேன். அப்பா தவறிவிட்டார், அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று எழுதினேன். அதற்குப் பதில் இந்த உறை. 'வரட்டுமா' என்று கேட்க அவளுக்கு ரோஷம், 'வருகிறேன்' என்று சொல்லப் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டாள். வேலையாக வருகிறவளை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா. எங்கள் வீட்டில் அப்பா முதல் எல்லோருக்கும் இந்தக் குணம் உண்டு. வாய் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டுடியோவில் இருபது வருஷமாக டச்சிங் ஆள் நான். போட்டோ எடுப்பதும் உண்டு, ஆனால் என் பெயர் டச்சிங்கில்தான். சாய்வான ஒரு மேஜை, அதன் நடுவில் வெட்டிய ஓட்டை, கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி. ஓட்டையின் மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் குறையை நிரப்புவோம், கூடுதலாக இருப்பதை பிளேடு முனையால் சுரண்டுவோம். பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் நாலே மயிர் உள்ள பிரஷ்ஷால் மை வைத்து மறைப்போம். மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். செத்துப்போனவர்களின் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது சேர்ந்து படமே எடுத்துக்கொள்ளாத புருஷனையும் பெண்டாட்டியையும் இரண்டு படங்களிலிருந்து எடுத்து ஒரே சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். பெண்ணாகரம் ரோட்டில் உள்ள ஊர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனதற்கு என் பென்சிலும் ஒரு காரணம். இதைச் சொன்னால் என் மனைவி ராணியம்மாள், "அதனாலதான் பாதிப் பேர் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்காங்க" என்பாள்.

ராஜமேரி அனுப்பியது நான் அதுவரை பார்த்திராத மாதிரி ஒரு நெகட்டிவ். முகமே இல்லை. வெள்ளைத் துணியில் மிளகைக் கொட்டி வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். பிரிண்ட் போட்டதும் வானம் கறுப்பாகவும் புள்ளிகள் வெள்ளையாகவும் வந்தன. அவள் வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். சரி, நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு பெரிய வெள்ளைத் திட்டுகள், விளிம்பு கலங்கினாற்போல். அவள் சொன்ன 'நடுவில் இருப்பது' அவைதான் என்று முடிவு செய்தேன். அவற்றுக்குக் கீழே வில்லாக வளைந்து மெல்லிசாக ஒரு கோடு. எங்கள் தொழிலில் பிறந்த குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும். நெகட்டிவ் மேல் ஒரு முடி விழுந்துகிடந்தால் பிரிண்டில் இப்படித்தான் வெள்ளையாக வளைந்து வரும்.

ஊதிவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டேன். கோடு அப்படியே வந்தது. அப்படியானால் முடி படத்தைப் பெரிதாக்குகிற என் என்லார்ஜரில் இல்லை, பெங்களூரில் எவனோ காபி எடுக்கும்போதே பார்க்காமல் விட்டிருக்கிறான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தெளிவாக வரவேண்டும் என்று என் தங்கை எழுதியிருக்கிற அதே நடுவில் கொண்டுபோய் மயிரைப் போட்டு வைத்திருக்கிறானே என்று இருந்தது. நெகட்டிவ் இரவல் என்பதால் அதைத் தொடவில்லை. வியாழனும் வெள்ளியும் கல்யாண ஆல்பம் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூன்று பிரிண்டையும் டச்சிங் செய்தேன். தூசியா நட்சத்திரமா என்று சந்தேகம் வந்த புள்ளிகளைக்கூட விட்டுவிட்டேன், ஆனால் அந்த முடியை மட்டும் அடையாளம் இல்லாமல் எடுத்தேன். கறுப்பிலும் ஏழு கறுப்பு உண்டு, அக்கம்பக்கத்துக் கறுப்போடு சேராவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, ஒன்பது வருஷத்தில் அவளுக்காக நான் செய்த முதல் காரியம் இது என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

ஆனால் பிரிண்ட் என் கவலை இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோதான் என் கவலை.

அறுபத்தாறில், ராஜமேரிக்குப் பத்து வயது, எனக்குப் பதினாலு, அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்றைக்குக் கோவில் வாசலில் எடுத்த படம் அது. குப்புராஜின் அப்பா மூன்று கால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்து கண்ணாடித் தகட்டில் எடுத்தார். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில். நடுவில் வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தியோடு ராஜமேரி. அம்மாவின் கை அவள் தோள்மேல். பின்னால் நான், கேமராவைப் பார்க்காமல் அந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு. என்னுடைய புதுநன்மைக்கு அவ்வளவு பெரிய மெழுகுவர்த்தி வாங்கித் தரவில்லை என்ற ஆத்திரம் எனக்கு.

எழுபத்தொன்பதில் அவள் பெங்களூரில் கூடப் படித்த ஒரு கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டாள். கோவிலில் அல்ல, ரிஜிஸ்தர் ஆபீஸில். செய்தி வந்த மறுவாரம் அப்பா, அருள்நாதன், அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஸ்டுடியோவுக்கு வந்தார். மடியில் வைத்திருந்த பொட்டலத்தில் அந்தப் போட்டோ. "அவள எடுத்துடு" என்றார்.

"பிரிண்ட்லயாப்பா?"

"கண்ணாடியிலியே எடு. நாளைக்கு எவனும் போட்டுப் பாக்கக் கூடாது."

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் கோபம் இருந்தது. அவள் படிக்கவேண்டும் என்று நான் பத்தாவதோடு நின்றவன். கெட்டிக்காரி அவள்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டு நின்றவன். நெகட்டிவில் வெள்ளைத் துணிதான் ஆகக் கறுப்பாக இருக்கும், சுரண்டுவதும் ஆகக் கஷ்டம். நாலு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் கவுன், இரண்டாம் நாள் மெழுகுவர்த்தி, மூன்றாம் நாள் முகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாலு நாளும் என் கை நடுங்கவில்லை. வேலை நன்றாக வந்துகொண்டிருந்தது, அந்தச் சந்தோஷம்தான் இருந்தது. நாலாம் நாள் அம்மாவின் விரல்களுக்கு வந்தபோதுதான் தடுமாறினேன். அவள் இல்லாமல் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. அம்மாவின் விரலைச் சுரண்ட மனசு வரவில்லை. கைக்குக் கீழே ஒரு உயரமான ஸ்டாண்டும் பூச்சாடியும் வரைந்து வைத்தேன். எங்கள் ஊர்க் கோவில் வாசலில் பூச்சாடியை யாரும் கண்டதில்லை. ஆனால் படத்தைப் பார்த்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஒன்பது வருஷமாக அது கூடத்துச் சுவரில் தொங்கியது. அதன் அடியில்தான் சாயங்கால ஜெபம். ராஜமேரி வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அப்பா பேருக்குக் கார்டு போடுவாள். அப்பா பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். எரிக்கவும் மாட்டார்.

சனிக்கிழமை காலையில் அந்தப் போட்டோவை இறக்கிவிடச் சொல்லி ராணியம்மாளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நான் என்னாத்துக்குங்க எறக்கறது? செஞ்சது நீங்க. நீங்களே எறக்குங்க" என்றாள், மாவு பிசைந்த கையை உதறிக்கொண்டு.

நாற்காலியைப் போட்டு ஏறினேன். சட்டத்தைக் கொஞ்சம் தூக்கினதுமே பின்னால் சுவர் தெரிந்தது. சுற்றிலும் புகை படிந்த சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, ஒரு சதுரம். படத்தை எடுத்தாலும் எடுத்தது தெரியும். அதை எப்படி மறைப்பது, பழைய காலண்டர் ஏதாவது அளவாக இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி. அப்போது உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். மதலேனம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது, காது மட்டும் பதினாறு.

"அது அங்கியே இருக்கட்டும் சவரி."

"அம்மா, அவ வர்றாம்மா இன்னிக்கி."

"வர்றான்னுதான் சொல்றேன். எறங்கு."

இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு ஞானஸ்நானப் படம் எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வரும்போது ஸ்டுடியோ கேமராவையும் கொண்டுவரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்பதுதான் கண்ணில் நின்றது. மாதா திருவிழாவுக்குக் கொடி ஏற்றிய வாரம், பஸ்ஸில் பாதிப் பேர் காவித் துணி கட்டிய யாத்திரைக்காரர்கள். நானும் மாதாவிடம் ஒன்று கேட்டேன். ராஜமேரி ஸ்டுடியோவோடு திரும்பிப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று. அம்மா அவளுக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

பதினோரு மணிக்கு வந்தாள். கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, மூக்குக்கண்ணாடி. வகிட்டில் நரை ஓட ஆரம்பித்திருந்தது. முப்பத்திரண்டு வயதுக்கு அது அதிகம். இரண்டு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சாப்ட்டியா?"

"கிருஷ்ணகிரியில சாப்ட்டேங்க. நீங்க?"

என்னை அவள் நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் உறையை எடுத்து நீட்டினேன். மூன்று பிரிண்டையும் மேஜையில் பரப்பினாள். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்தாள். குனிந்தாள். நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். ஒரு பிரிண்டிலிருந்து அடுத்ததுக்குப் போனாள், அதிலிருந்து மூன்றாவதுக்கு, மறுபடி முதலாவதுக்கு. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"இங்க, நடுவுல, வளைஞ்சி ஒண்ணு இருந்துச்சே."

"அந்த முடிதான? எடுத்துட்டேன். எவனோ காபி எடுக்கறப்ப பாக்காம உட்டிருக்கான்."

"நெகட்டிவ்லயா?"

"இல்ல. பிரிண்ட்ல மட்டும்."

உறையைப் பிடுங்காத குறையாக வாங்கி, நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில், தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நல்லவேளைண்ணா. நெகட்டிவ்ல கை வெக்காம உட்டியே நீ."

அவள் என்னைப் பழையபடி நீ என்றதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். 'நெகட்டிவ்ல கை வெக்காம' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அந்தக் கண்ணாடித் தகடு நினைவுக்கு வந்தது.

"அது முடி இல்ல" என்றாள். "அதுக்காகத்தான் நான் அஞ்சாறு மாசமா தூங்காம கெடக்கறேன். திங்கக்கெழம வெளிநாட்டுல இருந்து ஒரு ஆளு வர்றாரு, அவருகிட்ட காட்டணும்."

புதிதாகப் பிரிண்ட் போட டார்க் ரூமுக்குள் போனோம். இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற அறை. சிவப்பு விளக்கில் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினேன். முதலில் அந்த இரண்டு பெரிய திட்டுகளைச் சுற்றிக் கறுப்பு கூடியது. அப்புறம் சின்னப் புள்ளிகள். கடைசியாக, அவற்றின் கீழே, அந்தக் கோடு. அவள் தட்டின்மேல் குனிந்து, தொடாமல், விரலால் அதைக் காட்டினாள்.

அந்தப் புள்ளிகளில் முக்கால்வாசி நட்சத்திரம் இல்லையாம். ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. நம் சூரியனைப்போல் பத்தாயிரம் கோடி சேர்ந்தது ஒன்று. அப்படி நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் கூடிக் கிடக்கின்றன. அங்கிருந்து வெளிச்சம் புறப்பட்டு நானூறு கோடி வருஷம் ஆகிறதாம். அந்தக் கோடும் ஒரு கேலக்ஸிதான், ஆனால் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது இல்லை, இதற்கும் பின்னால் வெகுதூரத்தில் இருப்பது. தனியாக இருந்திருந்தால் நம் கண்ணுக்கு அது இப்படித் தெரியவே தெரியாது.

"முன்னாடி இருக்கற கூட்டத்தோட எடை இருக்குதே, அது பின்னாடி இருந்து வர்ற வெளிச்சத்த வளைக்குது. லென்ஸ் மாதிரி. இழுத்து, நீட்டி, பெருசாக்கிக் காட்டுது. அதான் வில்லு மாதிரி தெரியுது."

லென்ஸ் என்றால் எனக்குப் புரியும். "ஒழுங்கில்லாத லென்ஸா?" என்று கேட்டேன். "மூஞ்சிய இழுத்துக் காட்டுமே, அந்த மாதிரி?"

அவள் சிரித்தாள். "அதேதான். இழுத்தது எவ்ளோன்னு கண்டுபுடிச்சிட்டா, அந்த மூஞ்சி நெசமா எப்படி இருக்கும்னு திருப்பிக் கொண்டாரலாம். அதான் என் வேல."

நான் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"இன்னொண்ணு. இவ்ளோ வளைக்கணும்னா இந்தக் கூட்டத்துல தெரியறது எல்லாத்தையும் கூட்டினாலும் பத்தாது. இன்னும் பத்து மடங்கு எடை வேணும். கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு நடுவுல ஒக்காந்திருக்குது. வளைவ வெச்சித்தான் அது இருக்குதுன்னே சொல்ல முடியுது."

"என்னாது அது?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

படத்தை எடுத்து, அது மேலும் கறுக்காமல் நிறுத்துகிற ஹைப்போவில் போட்டேன். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். "நீ வருத்தப்படாத. எத்தன பெரிய ஆளுங்க இத பிளேட்டுல விழுந்த கீறல்னு தாண்டிப் போயிருப்பாங்களோ" என்றாள். எனக்கு அழுகை வந்தது. சிவப்பு விளக்கில் தெரிந்திருக்காது.

படங்கள் காய்ந்ததும் நாலு மணி பஸ்ஸில் புறப்பட்டோம். குப்புராஜ் தன் டிபன் கேரியரிலிருந்து இரண்டு அதிரசம் எடுத்து அவளிடம் கொடுத்து, "வூட்டுக்குப் போம்மா, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். பாப்பாரப்பட்டி பஸ்ஸில் சந்தைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார இடம் கிடைத்தது. இண்டூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இண்டூர் தாண்டியது. கேமராப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மேரி, வூட்ல ஒரு போட்டோ மாட்டியிருக்குது."

சட்டென்று திரும்பினாள். "புதுநன்மை போட்டோவா? அது இன்னும் மாட்டியா இருக்குது?"

"இருக்குது."

"அப்பா எறக்கலியா?"

"எறக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நான் என்னென்னவோ நெனச்சிக்கிட்டு இருந்தேண்ணா. அவரு அத எறக்கவே இல்லியா" என்றாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்து நான் செய்த கோழைத்தனங்களில் அதுதான் பெரியது.

வாசலுக்கு வந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து, நெற்றி, கன்னம், காது என்று தடவித் தடவிப் பார்த்தாள். கம்மல் இல்லாத காதை இரண்டு தடவை தடவினாள். "எளைச்சிப் போயிட்ட" என்றாள். ராணியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜமேரி சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டே கூடத்துக்குள் வந்து, நேராகச் சுவரைப் பார்த்தாள்.

சொம்பு கையிலேயே இருந்தது, குடிக்கவில்லை. நான் கதவோரம் நின்றேன். சாயங்கால வெயில் படத்தின்மேல் விழுந்தது, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அப்பா, அம்மா, பின்னால் நான், நடுவில் பூச்சாடி. பக்கத்தில் போனாள். கட்டைவிரலை உயர்த்திக் சட்டத்துக் கண்ணாடியின்மேல், பூச்சாடி இருந்த இடத்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"யாரு பண்ணுனது?"

"நான்தான்."

"கோடே தெரியல" என்றாள். "நல்லாப் பண்ணியிருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கண்ணாடியில இருந்தே எடுத்துட்டேன் மேரி. திருப்பி வராது" என்றேன். யாரும் கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

அவள் துணிப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். காலையில் என் பிரிண்டைப் பார்த்த மாதிரியே படத்தின்மேல் குனிந்து, அம்மாவின் விரல்களிடம் போய் நின்றாள். "பூச்சாடிய யாரு இப்படிப் புடிப்பாங்க?" என்றாள், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. அங்கிருந்து என் முகத்துக்குப் போனாள், மெழுகுவர்த்தி இல்லாத இடத்தை முறைத்துக்கொண்டிருக்கிற பதினாலு வயது முகம். அப்புறம் அப்பாவிடம் போனாள். அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.

"அண்ணா, இங்க வா. அப்பா கழுத்தப் பாரு."

பார்த்தேன். ஒன்பது வருஷமாக நான் பார்த்த படம்தான், ஆனால் நான் பார்த்ததெல்லாம் என் வேலையை. எங்கேயாவது பிசிறு தெரிகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். அப்பா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்தே சாய்ந்திருந்தார். தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்து, காது ஏறக்குறைய பூச்சாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு சிரிப்பு. எங்கள் அப்பா பூச்சாடியைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர் அல்ல. மனிதர்களைப் பார்த்தே சிரித்தது கிடையாது.

"எல்லாரையும் விட அவருதான் அதிகமா வளைஞ்சிருக்காரு" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

அப்போதுதான் சொன்னேன். அம்மாவிடம்கூட நான் சொல்லாதது. அப்பா படுக்கையில் விழுந்து பேச்சு குறைந்த சமயம், ஒரு மத்தியானம் என்னை மட்டும் கூப்பிட்டார். "அந்தக் கண்ணாடி இருக்குதா சவரி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அவள திருப்பிக் கொண்டார முடியுமா?" என்றார். சுரண்டியது வராதுப்பா என்றேன். தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே நான் பெங்களூருக்குத் தந்தி அடித்திருக்கலாம். அவர் கேட்டது போட்டோவைப் பற்றி என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினைந்து நாளில் போய்விட்டார்.

ராஜமேரி தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மாதான் எழுந்தாள். மூலையில் இருந்த மர நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஒருவர் உதவியையும் வாங்காமல், வாசலுக்குப் போனாள்.

"சவரி, போட்டோப் பொட்டி கொண்டாந்திருக்கியா?"

"இருக்குதும்மா."

"வெளிச்சம் போறதுக்குள்ள எடு."

வேப்பமரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ராஜமேரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் பத்தடி தள்ளி நின்று, வயிற்றோடு கேமராவை வைத்து, மேல்மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தேன். சின்னச் சதுரக் கண்ணாடியில் இரண்டு பேரும் இடம் வலம் மாறி நின்றார்கள்.

அம்மா ராஜமேரியைப் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தாள். பார்த்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். அந்தக் கை பழைய உயரத்துக்குப் போய் நின்றது. பத்து வயதுப் பெண்ணின் தோள் இருக்கிற உயரம். விரல்கள் மடங்கி, கீழே ஒன்றும் இல்லாமல், ராஜமேரியின் இடுப்புக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றன.

கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

ராஜமேரி அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மண்ணில் மண்டியிட்டு, தன் தோளைக் கொண்டுவந்து அந்த விரல்களுக்குக் கீழே வைத்தாள்.